டிராயரில் கிடக்கும் 17 சார்ஜர்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐரோப்பாவில் எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். மின்னணுக் குப்பை குறையும் என்கிறார்கள். என் வீட்டு டிராயரில் 17 சார்ஜர் கிடக்கிறது, எண்ணிப் பார்த்தேன். போன மாதம் வாங்கிய போனுக்கு டப்பாவில் சார்ஜரே வைக்கவில்லை. இது குப்பையைக் குறைக்கவா, காசு பிடுங்கவா?"

ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. சட்டத்தால் குப்பை குறையுமா, டப்பாவில் சார்ஜர் வைக்காதது ஏமாற்றா, அப்புறம் அவர் வாய்விட்டுக் கேட்காத ஒன்று: அந்தப் பதினேழையும் என்ன செய்வது. நான் பேட்டை ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 2003லிருந்து பாளையங்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கிறேன். சட்டம் எனக்குப் பத்திரிகையில் படித்த அளவுதான். சார்ஜிங் பின் மாற்றுவது தினசரி வேலை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடை போட்ட காலத்தில் சுவரில் சார்ஜர் வாங்கித் தொங்கவிட்டே பாதி முதல் போய்விடும். நோக்கியாவுக்குக் குண்டு பின். இரண்டு மூன்று வருஷத்தில் அதே நோக்கியாவுக்குச் சின்ன பின். சோனி எரிக்சனுக்குப் பட்டையான பல்லு பல்லான முனை. சாம்சங்குக்கு அகலமாக ஒன்று, அது ஒரு மாடலுக்குச் சேர்ந்தால் அடுத்த மாடலுக்குச் சேராது. எதற்கும் சேராத போனோடு வருகிறவருக்கு யுனிவர்சல் சார்ஜர்: பேட்டரியைக் கழற்றி, கிளிப்பில் கவ்வ வைத்து, இரண்டு கம்பியை நகர்த்தி நகர்த்தி அதன் முனைகளில் ஒட்ட வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

அன்றைக்குக் குப்பை எங்கிருந்து வந்தது என்றால், முனை வேறு வேறாக இருந்தது ஒரு பாதி. மறுபாதி, வயர் அடாப்டரோடு ஒட்டியே இருந்தது. கழுத்துப் பக்கம் வயர் அறுந்தால் முழு சார்ஜரையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த வயரை அடாப்டரிலிருந்து பிரித்ததுதான், என்னைக் கேட்டால், சார்ஜர் வரலாற்றில் பெரிய காரியம். அதை முதலில் தரமாக எழுதி வைத்தது ஐரோப்பா இல்லை, சீனா. 2006 கடைசியில் வந்த அவர்களுடைய தரம் அடாப்டர் பக்கம் யுஎஸ்பி துளை இருக்க வேண்டும் என்றது. இன்றைக்கு நாம் கேபிளை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகுகிறோமே, அந்த வழக்கம் அதற்குப் பிறகு பரவியது. யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஐரோப்பா 2009ல் தொடங்கியது. அது சட்டம் இல்லை, கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தம். மைக்ரோ யுஎஸ்பிக்கு எல்லாரும் வாருங்கள் என்றார்கள். நம் கடைப் பாஷையில் வி8 பின். பெரும்பாலோர் வந்தார்கள், 30 வகையாக இருந்த சார்ஜர் மூன்றாகச் சுருங்கியது. ஆனால் ஒப்பந்தத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது, சொந்த முனை வைத்துக்கொண்டு தனியாக ஒரு மாற்றுமுனை விற்றாலும் போதும் என்று. ஆப்பிள் அந்த வழியாகப் போய், 2012ல் லைட்னிங் என்ற தன் சொந்த முனையைக் கொண்டுவந்தது. கடைசியில் 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 602, எதிர்ப்பு 13. போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், ஸ்பீக்கர், மவுஸ், கீபோர்டு எல்லாவற்றுக்கும் 2024 டிசம்பர் 28 முதல் டைப் சி (எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் சேரும் யுஎஸ்பி முனை), லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல் என்று தேதி குறித்தார்கள். அந்தத் தேதிக்குக் காத்திராமல் 2023 செப்டம்பரிலேயே ஐபோன் 15 டைப் சியோடு வந்துவிட்டது. நம் ஊரில் 2022 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை எல்லாரையும் கூட்டிப் பேசியது, 2023 ஜனவரியில் தரம் குறிக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ் டைப் சிக்கு இந்தியத் தரம் வெளியிட்டது. தரம் வெளியிடுவது வேறு, கட்டாயமாக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எப்படியோ, என் கடைக்கு வருகிற புது ஸ்மார்ட்போனில் சி டைப் இல்லாததைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. பட்டன் போன்கள்தான் இன்னும் வி8ல் நிற்கின்றன.

சரி, குப்பைக்கு வருவோம். செய்திகளில் 11,000 டன் என்று ஒரு எண் அடிபடுகிறது. ஐரோப்பாவில் ஒரு வருஷத்தில் தூக்கிப் போடப்படும், சும்மா கிடக்கும் சார்ஜர்களின் எடை அது. சட்டத்தால் மிச்சமாகும் அளவு என்று பலர் அதை எழுதிவிடுகிறார்கள். மிச்சம் என்று ஐரோப்பிய ஆணையமே போட்ட கணக்கு வருஷத்துக்கு 980 டன். அதுவும் மதிப்பீடு, யாரும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தது இல்லை. 2022ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேகரித்த மின்னணுக் குப்பை மட்டும் சுமார் 50 லட்சம் டன். அதாவது ஆயிரம் கிலோ குப்பையில் இந்தச் சட்டம் குறைப்பது ஏறக்குறைய 200 கிராம். ஒரு போனின் எடை. உலகம் முழுக்க என்று பார்த்தால் அதே வருஷம் 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

ஆகவே குப்பை குறையுமா என்றால், குறையும், கொஞ்சம். குப்பைக்காகத்தான் இந்தச் சட்டம் என்று அதைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம், 200 கிராம்தானே என்று இளக்காரம் பேசவும் வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் கேபிள் கடன் வாங்கிச் சொருக முடிகிறதே, அந்த சவுகரியத்துக்கே இந்தச் சட்டம் தேவலை. ஆப்பிள் சொன்ன எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டாயப்படுத்தினால் வீட்டில் இருக்கிற லைட்னிங் கேபிள் எல்லாம் குப்பையாகும், புதிய கண்டுபிடிப்பு முடங்கும் என்றார்கள். முதல் பாதி சில வருஷத்துக்கு உண்மை. இரண்டாம் பாதியில் எனக்கு ஐயம் உண்டு, ஆனாலும் முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. 2009ல் ஒப்பந்தத்துக்குப் பதில் சட்டமே போட்டு மைக்ரோவில் ஆணி அடித்திருந்தால், இன்றைக்கும் இருட்டில் எந்தப் பக்கம் மேலே என்று தடவிக்கொண்டிருப்போமோ என்னவோ.

இனி நான் உறுதியாகச் சொல்லக்கூடிய இடம். துளை ஒன்றாகிவிட்டது, உள்ளே நடக்கிற பேச்சு இன்னும் ஒன்றாகவில்லை. டைப் சி துளையில் சிசி என்று இரண்டு கால் (பின்) உண்டு. போனும் சார்ஜரும் அதில் ஒன்றின் வழியாக எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பேசி முடிவு செய்கின்றன. பிடி (பவர் டெலிவரி) என்ற பொது முறையில் பேசினால் 5, 9, 15, 20 வோல்ட் என்று ஏறும். 15 வாட்டுக்கு மேல் இழுக்கிற பொருள் எல்லாம் பிடியும் பேச வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. ஆனால் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பாஷையையும் வைத்துக்கொள்ளலாம். 80 வாட் என்று டப்பாவில் அச்சடித்த போனை வேறு கம்பெனி சார்ஜரில் போட்டு என் யுஎஸ்பி மீட்டரில் பார்த்தால் 18 வாட், சில சமயம் 10 வாட். கெடுதல் ஒன்றும் இல்லை, நேரம்தான் கூடும். கஸ்டமர் அதைப் போன் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்.

இதைவிட மோசம் விலை குறைந்த சாமான்கள். தாடி டிரிம்மர், டார்ச், புளூடூத் ஸ்பீக்கர், பிள்ளைகள் விளையாட்டுச் சாமான். துளை சி டைப்தான். ஆனால் உள்ளே சிசி காலுக்கு ஒன்றாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட வேண்டும், அதை விட்டுவிடுவார்கள். இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து எவ்வளவு வரும், பைசாக் கணக்கு. அது இல்லாவிட்டால் இரு முனையும் சி டைப்பாக உள்ள கேபிளில் சார்ஜர் எதையும் உணராது, மின்சாரமே விடாது. பழைய நீள்சதுர யுஎஸ்பி முனை கொண்ட கேபிளில் மட்டும் சார்ஜ் ஏறும். போன வருஷம் ஒருவர் ஆறு மாதமாக அலமாரியில் போட்டிருந்த டிரிம்மரைக் கொண்டுவந்தார். பழைய அடாப்டரில் பழைய கேபிளைச் சொருகிக் காட்டினேன், விளக்கு எரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது, காசு வாங்கவில்லை. உங்கள் 17 சார்ஜரில் நீள்சதுரத் துளை கொண்டவை இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டை வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

டப்பாவில் சார்ஜர் இல்லாத விஷயம். 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது பெரிய கம்பெனிகளில் ஆப்பிள் முதலில் எடுத்தது, சுற்றுச்சூழலுக்காக என்றது. அடுத்த ஜனவரியில் சாம்சங் எஸ்21. 2022 செப்டம்பரில் பிரேசில் நீதி அமைச்சகம் சார்ஜர் இல்லாத ஐபோன் விற்கக் கூடாது என்று தடை போட்டு அபராதமும் விதித்தது. அதற்கு அடுத்த மாதம் ஐரோப்பா நிறைவேற்றிய சட்டம், சார்ஜர் வேண்டாம் என்பவருக்கு இல்லாமல் கொடுக்கிற வழி இருக்க வேண்டும் என்றது. ஒரு பக்கம் குற்றம், ஒரு பக்கம் கட்டளை! இரண்டும் அவரவர் வழியில் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஐரோப்பாவில் வாங்குகிறவர் முடிவு செய்கிறார், டப்பாவில் சார்ஜர் உண்டா இல்லையா என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். இங்கே பல மாடலில் கம்பெனி முடிவு செய்கிறது. சார்ஜரைக் கழித்தார்களே, விலையில் அது கழிந்ததா என்பதைக் கடைக்காரர்களாலும் சொல்ல முடியாது. உங்கள் கோபம் அந்த இடத்தில் நியாயம். ஆனால் 17 கையிருப்பு உள்ள வீட்டுக்கு 18வது தேவையில்லை என்பதும் நியாயம்தானே. போன் பழையபடி 15, 20 வாட் எடுக்கிறதாக இருந்தால், உங்களிடமே ஒன்று சரியாக இருக்கும். புதிதாக வாங்கினால் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அடாப்டரின் மேலேயே இருக்கிறதா பாருங்கள். டப்பாவில் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

கேபிளில்தான் ஏமாற்று அதிகம். ஐம்பது ரூபாய்க் கேபிளை நறுக்கிப் பாருங்கள். தலைமுடி மாதிரி ஏழெட்டு இழை, பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அடாப்டரில் கிளம்பிய 5 வோல்ட் போனுக்குப் போய்ச் சேரும்போது நாலரை ஆகிவிடும், மீதி சூடாகப் போகும். மூன்று மாதத்தில் கழுத்து அறுந்து இன்னொன்று வாங்குவீர்கள். ஒரே முனை வந்தபின் என் கடைக் குப்பைக்கூடையில் அடாப்டர் குறைந்திருக்கிறது, கேபிள் கூடியிருக்கிறது. இது என் ஒரு கடையின் கூடை, ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் நான் பார்க்கும் குப்பையில் கனமானது சார்ஜரும் இல்லை, கேபிளும் இல்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்தார். "ஏற மாட்டேங்கு தம்பி, மூணு வயரு மாத்திட்டேன். வேற போன் வாங்குன்னு சொல்லுதான் மவன்." வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத போன். லென்ஸை வைத்துப் பார்த்தேன். சி டைப் துளைக்குள் நடுவில் ஒரு நாக்கு இருக்கும், அதைச் சுற்றி அடியில் பழுப்பாக ஏதோ கெட்டித்திருந்தது. பல்குத்தும் குச்சியைச் சீவி மெதுவாக நெம்பினால் தூளாக உதிர்கிறது, மோந்து பார்த்தால் புகையிலை. முறத்து ஓரத்தில் போனை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டே சுற்றியிருக்கிறார், இரண்டு வருஷத் தூள் உள்ளே இறங்கி, கேபிள் சொருகும்போதெல்லாம் இடித்து இறுகிவிட்டது. அரை கடலை அளவு வந்தது. அப்புறம் சொருகினால் "டக்" என்று உட்கார்ந்தது. டைப் சியில் தேயக்கூடிய ஸ்பிரிங்கை வேண்டுமென்றே கேபிள் பக்கம் வைத்திருக்கிறார்கள், போன் பக்கம் சுலபத்தில் போகாது, 10,000 முறை சொருகத் தாங்கும்படி வடிவமைத்தது. அரிசி மில்லில் வேலை பார்ப்பவர் போனில் தவிடு, மற்றவர்கள் போனில் சட்டைப்பைப் பஞ்சு. உலோக ஊசியை மட்டும் விடாதீர்கள். போனை அணைத்துவிட்டு மரக்குச்சி போதும்.

அந்தத் தூளுக்காகத் தூக்கிப் போட இருந்தது 190 கிராம் போன். பழைய 5 வாட் அடாப்டர் 40, 50 கிராம்தான் இருக்கும். எடையைவிட, போனில் இருக்கிற சர்க்யூட் போர்டும் பேட்டரியும் திரையும் செய்ய ஆகிற பொருளுக்கும் உழைப்புக்கும் அடாப்டரோடு ஒப்பே கிடையாது. ஒரு போன் இரண்டு வருஷம் கூடுதலாக ஓடினால் அது பல அடாப்டர்களுக்குச் சமம். இதை ஐரோப்பாவும் உணர்ந்துதான் அடுத்த சட்டங்களைப் போட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போனுக்கு, அந்த மாடல் விற்பனை நின்று ஏழு வருஷம் வரை முக்கியமான ஸ்பேர் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் தர வேண்டும், பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 சதவீதம் கொள்ள வேண்டும். ஒரே சார்ஜர் சட்டத்துக்குக் கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிது. மூன்று வருஷ மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைக்காமல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் டிராயர். முதலில் வயரோடு ஒட்டியவை, கழற்றக்கூடியவை என்று இரண்டாகப் பிரியுங்கள். கழற்றக்கூடியதில் ஒவ்வொன்றையும் போனில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கை வைக்க முடியாத சூடு, கீச்சென்ற சத்தம், ஆடுகிற பின், உடைந்த மூடி, இதில் எது இருந்தாலும் தயங்காமல் ஒதுக்குங்கள். மிச்சமானதில் இரண்டு மூன்று வீட்டுக்கு, ஒன்று வெளியூர்ப் பைக்கு, மற்றதை வேண்டியவருக்குக் கொடுத்துவிடலாம். ஒதுக்கியதை வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். அது குப்பைக் கிடங்குக்குப் போகும், எங்கள் ராமையன்பட்டிக் கிடங்கில் தீப்பிடித்து ஊரே புகையாவது நமக்குப் புதிதில்லை. பழைய இரும்புக் கடையில் போட்டால் ஏதோ காசு வரும், ஆனால் வயர் எரிகிற இடத்துக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. 2005, 2006ல் கடைக்குப் பின்னால் காலி மனையில் நானே எரித்திருக்கிறேன். வயர் மேல்தோல் பிவிசி, அதில் குளோரின் உண்டு, செம்போடு சேர்ந்து எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வரும் என்று அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் கறுத்த செம்புக்கு என்ன விலை என்பதுதான். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் இருமிக்கொண்டே வந்து "எய்யா, இது என்ன பிணவாடை" என்று கேட்டார். அன்றோடு விட்டேன்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகளின்படி, விற்ற கம்பெனிகள்தான் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகத் தங்கள் பங்கைத் திரும்ப எடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். 2025-26க்கு அந்தப் பங்கு 70 சதவீதம். உங்கள் போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், அங்கே பெட்டி வைத்திருந்தால் அதில் போடுங்கள். ஒரு பையில் சேர்த்து வைத்து நெல்லைக்கு வரும் வேலையோடு கொண்டுவந்தால் போதும், இதற்கென்று பஸ் ஏற வேண்டாம். உப்பிய பேட்டரி ஏதாவது டிராயரில் கிடந்தால் அதை மட்டும் பையில் போடாமல், குத்தாமல் அழுத்தாமல், தகர டப்பாவில் தனியாக எடுத்து வாருங்கள்.

பிரிக்கும்போது நோக்கியா குண்டு பின் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பழைய 1100ஐ இன்னும் வைத்திருக்கிறார். சுவரில் தொங்கிய கடைசிச் சார்ஜரை போன தைப்பொங்கலுக்கு அவருக்குத்தான் கொடுத்தேன், அதற்கும் வயர் கழுத்து விட்டுவிட்டது, ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.